நாடகத்தைக் கூண்டில் ஏற்றிய சர்க்கார்!

ஆடி கடைசி வெள்ளி என்றால் இருக்கன்குடியில் கூட்டம் அலைமோதும். அர்ச்சுனா நதியும், வைப்பாறும் சேரும் இடத்தில் குடிகொண்டிருக்கும் மாரியம்மனைக் காண ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள்.

கடலுக்கு அப்பால், தென் ஆப்பிரிக்காவிலும் மாரியம்மனுக்குக் கோவில்கள் உண்டு. அங்கும் பக்தர்கள் கூழ் ஊற்றுகிறார்கள், தீ மிதிக்கிறார்கள்.

அந்தக் கோவில்களைக் கட்டியவர்கள் யார்? கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள்தான். சென்னையில் இருந்து புறப்பட்ட முதல் கப்பல், 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. வெள்ளைக்காரர் ஏட்டில் பெயர்கள் மாறின. கவுண்டர் "கோவெண்டர்" ஆனார். முதலி "மூட்லி" ஆனார்.

அந்தத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள், நாடகத்தையே ஆயுதமாக ஏந்தினார்கள்!

பிரித்து வைத்த சட்டம்

1948-ல் அந்த நாட்டில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. பள்ளிக்கூடம், பஸ், கடற்கரை எல்லாவற்றிலும் வெள்ளையருக்குத் தனி இடம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்க வேண்டும் என்றுகூட 1950-ல் சட்டம் போட்டார்கள்.

டர்பன் நகரில் கேட்டோ மேனர் என்று ஒரு பகுதி. இந்தியரும், கறுப்பரும் அக்கம் பக்கமாக வாழ்ந்த இடம். 1949 ஜனவரியில் டர்பனில் இந்த இரு சாராருக்கும் இடையே கலவரம் மூண்டது. 142 பேர் மாண்டார்கள்.

பிறகு சர்க்கார், அந்தப் பகுதியையே காலி செய்தது. வீடுகள் இடிந்தன. கோவில்கள் மட்டும் மிஞ்சின.

ஏழைகளுக்குள் பகை இருந்தால் ஆள்வது எளிது அல்லவா?

மேடையில் ஒரு ஊர்

கேட்டோ மேனரில் 1934-ல் பிறந்தவர் ரோனி கோவெண்டர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். கரும்பு ஆலை ஊரான மவுண்ட் எட்ஜ்கோமில், இந்தியருக்கு என ஒதுக்கிய மதுக்கடையில் நடக்கும் கதையை அவர் நாடகம் ஆக்கினார். தொழிலாளர்கள் பேசும் கொச்சைப் பேச்சையே மேடை ஏற்றினார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளிக்குக் கைகட்டி நிற்கும் தங்கள் நிலையையும் அதில் கண்டார்கள்.

இடிக்கப்பட்ட தன் ஊரையும் அவர் மறக்கவில்லை. கலவரத்தின்போது இந்தியரைக் காக்கத் துணிந்த ஒரு கறுப்பரின் கதையை எழுதினார். கேட்டோ மேனர் கதைகள் 1996-ல் நூலாக வந்து, காமன்வெல்த் பரிசு பெற்றன.

காதல் கதைக்கு வழக்கு!

"சாந்தி" என்று ஒரு நாடகம். சாந்தி இந்தியப் பெண். அவள் காதலன் கறுப்பின இளைஞன். அவன் சிறை செல்கிறான், விடுதலைப் படையில் சேருகிறான், உயிர் விடுகிறான்.

இதை எழுதிய மதுலி ஷெசி, ரெயில் நிலையத்தில் கறுப்பினப் பெண்களுக்கு நடந்த அவமானத்தைத் தட்டிக் கேட்டவர். 1972 டிசம்பரில் ரெயில் முன்னே தள்ளப்பட்டு இறந்தார்.

மறு ஆண்டு நண்பர்கள் நாடகத்தை நடத்தினார்கள். சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1975-ல் நாடகக் குழுவினர் மீது பயங்கரவாதச் சட்டம் பாய்ந்தது. நாடகப் பிரதியே குற்றப் பத்திரிகையில் சேர்ந்தது!

டர்பனில் நாடக மன்றம் நடத்திய ஸ்ட்ரினி மூட்லியும் தப்பவில்லை. அவரும், தோழர்கள் 8 பேரும் பாடிக்கொண்டே குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். 1976 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 5 ஆண்டு, 6 ஆண்டு என்று தண்டனை. மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவுக்கு மூட்லியும் அனுப்பப்பட்டார்.

துப்பாக்கி வைத்திருந்த சர்க்கார் நாடகத்துக்கு ஏன் பயந்தது? பிரித்து வைத்தவர்களை நாடகம் ஒரே மேடையில் சேர்த்தது. பக்கத்து வீட்டுக்காரன் பகைவன் அல்ல என்று சொன்னது.

1994 ஏப்ரல் 27-ந் தேதி தேர்தல் நடந்தது. கறுப்பர், இந்தியர், வெள்ளையர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்!