மலைக் குளிரும் டப்பா பாலும்

முத்திரை உடையாத பால் பவுடர் டப்பாவுக்குள் கிருமியே இருக்காது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நம்புகிறார்கள். அது சரியல்ல. குரோனோபாக்டர் சகசாக்கி என்ற பாக்டீரியா உலர்ந்த பவுடரில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். அது ஆலையிலேயே கலந்திருக்கலாம். டப்பாவைத் திறந்தபின் கை, ஸ்பூன், நிப்பிள் வழியாகவும் வந்து சேரலாம். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும்தான் இதனால் பெரிய ஆபத்து. இந்தத் தொற்று மிக அரிது. ஆனால் மூளையுறைக்குப் பரவிவிட்டால் பத்துக் குழந்தைகளில் நான்கு பேர் வரை இறக்கலாம். பிழைப்பவர்களிலும் சிலருக்கு மூளைப் பாதிப்பு வாழ்நாள் முழுக்க நிற்கும்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. சண்டிகர் மருத்துவ உயர்கல்வி நிறுவன மருத்துவர்கள் 2007இல் இரண்டு குழந்தைகளுக்கு இந்தத் தொற்று வந்ததைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் அபாட் நிறுவனம் மிச்சிகன் ஆலையில் தயாரான பவுடரைத் திரும்பப் பெற்றது. ஆலைக்குள் அந்தப் பாக்டீரியா இருந்தது. ஆனால் அந்தப் பவுடரைக் குடித்து நோயுற்ற குழந்தைகளிடம் கண்ட கிருமியும் அதுவும் ஒன்றே என்று நிரூபணமாகவில்லை. 2016இல் அமெரிக்காவிலேயே தாய்ப்பால் எடுத்து ஊட்டப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தைக்கும் இதே தொற்று வந்தது; தாய்ப்பால் எடுக்கும் பம்பில் கிருமி இருந்தது. ஆகவே பவுடரைப் போலவே பாத்திரத்தையும் கவனிக்க வேண்டும்.

70 டிகிரிக்குக் குறையாத சூட்டு நீரில் பவுடரைக் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கிருமியைக் கொல்வது அந்தச் சூடுதான். கொதித்த நீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடக் கூடாது என்ற கணக்கு சமவெளிக்குப் பொருந்தும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மலைக் காற்றில் சீக்கிரம் ஆறியும் போகிறது. அதனால் இங்கே மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கியதும் தாமதிக்காமல் கரைப்பதே நல்லது. பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். விடுதியில் தரும் பிளாஸ்க் நீர் எப்போது கொதித்தது என்று யாருக்கும் தெரியாது. அதில் கரைக்க வேண்டாம். பல டப்பாக்களில் 'வெதுவெதுப்பான நீர்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே குறைமாதக் குழந்தைக்கும் பச்சிளம் குழந்தைக்கும் எந்தச் சூட்டில் கரைப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"இங்கேதான் குளிருதே, பால் கெடாது" என்ற பேச்சு இன்னொரு ஆபத்து. நமக்கு நடுக்கம் தரும் 15 டிகிரி இந்தக் கிருமி பெருகப் போதும். குளிர்சாதனப் பெட்டியின் 5 டிகிரிதான் அதை அடக்கும். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலையும் நிப்பிளையும் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிக்க வைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். மழைமாதத்தில் மலைவீடுகளில் எதுவும் லேசில் காயாது என்பதால், இடுக்கு இல்லாத பாலாடையே மேல் என்பேன். நம் மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வராது. கொடுக்க முடியாத தாயைக் குறை சொல்வதும் அநியாயம். ஆனால் கொடுக்க முடிந்தவரையும் டப்பாவுக்குத் தள்ளும் விளம்பரம் சட்டப்படி குற்றம். 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை, இலவச மாதிரி கொடுப்பதை, மருத்துவப் பணியாளருக்குப் பரிசு தருவதைத் தடை செய்கின்றன. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிரசவ வார்டில் யாராவது டப்பாவை இலவசமாக நீட்டினால் மறுத்துவிட்டுப் புகார் கொடுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சலோ உடல் சில்லிடுவதோ, பால் குடிக்க மறுப்பதோ, விடாத அழுகையோ, துவண்டு கிடப்பதோ, வெட்டு வருவதோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மன்னவனூர், கிளாவரை போன்ற மேல்மலை ஊர்களிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு வரவே நேரம் பிடிக்கும். அங்கிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்பினால் மலையிறக்கம் வேறு இருக்கிறது. உடனே 108ஐ அழையுங்கள். டப்பா பால் கொடுத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தக் கோணத்திலும் பரிசோதிப்பார்.

குழந்தை நோயுற்றால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். மீதிப் பவுடரோடு மூடிக் கட்டி, பேட்ச் எண்ணையும் பில்லையும் பத்திரப்படுத்தி, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யுங்கள். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனது உறுதியானால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆவது பிரிவு குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்கிறது. திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. எப்படிப் புகார் எழுதுவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.