வண்டியோட்டிகளும் சிறுநீரக நலமும்

ஹௌரா ரயில் நிலையத்தில் சித்திரை வெயில் கொளுத்திய ஒரு பிற்பகல். ஆபீஸ் முடிந்து வெளியே வந்த நான், டாக்சி வரிசையில் காத்திருந்த நம்மவர் ஒருவரிடம் தண்ணீரை நீட்டினேன். “வேண்டாம் ஐயா! குடித்தால் இறங்க நேரும், இறங்கினால் முறை போய்விடும்” என்றார். முந்திய ஆண்டு சிறுநீரகக் கல்லால் துடித்து, பத்து நாள் வருவாயை இழந்தவர் அவர்.

இஃது அறியாமையன்று, பிழைப்பின் நெருக்கடி. எங்கள் ரயில்வேயிலும் இதே குறை உண்டு. நம் நாட்டில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1853-ல். ஓட்டுநருக்கென்று எஞ்சினுள் கழிப்பறை அமைக்கத் தொடங்கியதோ 2016-ல்தான்! இன்னும் எல்லா எஞ்சின்களுக்கும் அவ்வசதி வந்தபாடில்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகின்றன. வியர்வை பெருகி, குடிப்பதும் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, அதிலுள்ள உப்புகள் கல்லாகத் திரள்கின்றன. அடிக்கடி அடக்கி வைத்தால் கிருமிகள் பெருக இடமுண்டாகும். இடுப்பு வலிக்கென்று வைத்தியரைக் கேளாமல் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லவை. எல்லாவற்றினும் பெரும் பகைவர், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். நாள் முழுதும் உட்கார்ந்தே உழைப்போரை இவை எளிதில் பற்றுகின்றன.

கல் வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சிறுநீரகம் மெல்லப் பழுதுறும்போது, நோய் முற்றும்வரை யாதொரு வலியும் தோன்றாதிருக்கலாம். ஆகவே ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

சகோதரிகளே! காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் தண்ணீர்ப் புட்டியையும் கொடுத்தனுப்புங்கள். மாலையில் அது காலியாகி வந்ததா என்று பாருங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பின் நன்று. அடர்மஞ்சளாயின் தண்ணீர் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்கள் மட்டும் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டறிக.

வண்டியோட்டும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரிசையில் ஒருவர் இறங்கிச் சென்றால், அவர் முறையை அடுத்தவர் காத்துக் கொடுங்கள். அன்று பின்வண்டிக்காரரான வங்காளி அன்பரிடம் இதனைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். நம்மவர் இறங்கிப் போய் வந்தார்; முறையும் போகவில்லை. பிறகே நான் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார்.