நிழல் குட்டையாகும் நேரம்

கரிசல் காட்டில் மழைக்குப் பஞ்சம் உண்டு, வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. அந்த வெயிலைக் கொண்டு உடம்பே செய்துகொள்ளும் சத்து வைட்டமின் டி. ஆனால் மத்திய அரசு 2016-18இல் நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 1-4 வயதுக் குழந்தைகளில் 14 சதவீதம், 5-9 வயதில் 18 சதவீதம், 10-19 வயதில் 24 சதவீதம் பேருக்கு இந்தச் சத்து குறைவு என்று காட்டியது. தெருவில் ஓடியாடும் வயது போய் வகுப்பறையில் உட்காரும் வயது வர வரக் குறைவும் ஏறுகிறது. குறைந்திருப்பது வெயில் அல்ல, நாம் வெளியே நிற்கும் நேரம்தான்.

எந்த நேரம் என்பதில்தான் பலரும் தவறுகிறோம். சூரியனின் புற ஊதா 'பி' கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். சூரியன் சாய்ந்திருக்கும்போது அந்தக் கதிரைக் காற்றுமண்டலமே வடிகட்டிவிடுகிறது. அதனால் காலை 7 மணி இளவெயில் இதற்கு அநேகமாக உதவாது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் உதவாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே சரியான நேரம். நம் கரிசல் காட்டுக் கழுகுமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 பாகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சிவேளையில் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். மார்கழியில்கூட காலை பத்தரை முதல் பிற்பகல் 2 மணி வரை நிழல் குட்டைதான். குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் கிடைக்காத கதிர் இங்கே ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது.

"காட்டு வேலை செய்பவர்களுக்குமா குறையும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருப்பதி வட்டாரத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், கிராமத்து ஆண்கள் நகரத்து ஆண்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் கிராமத்துப் பெண்களில் பெரும்பாலோருக்குக் குறைவு இருந்தது. களை எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பதை நினைத்தால் இது வியப்பல்ல. தீப்பெட்டி ஆபீஸில் பகல் முழுக்கக் கூரைக்குள் இருப்பவர்களுக்கு அந்த வெயிலும் இல்லை. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்து குறைவு, அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் தானியப் பொருளான பைட்டேட் அதிகம். சுண்ணாம்புச்சத்து குறைந்தால், இருக்கும் வைட்டமின் டியும் சீக்கிரம் செலவாகிவிடும்.

சாப்பாட்டிலேயே சரிக்கட்ட முடியாதா? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 40 யூனிட்தான் இருக்கிறது. சத்து சேர்த்த பால் ஒரு டம்ளர் குடித்தாலும் 40 முதல் 60 யூனிட்தான். தூத்துக்குடியிலிருந்து வரும் சாளை, அயிலை மீன்களில் கூடுதலாக உண்டு, ஆனால் தினமும் மீன் வாங்க எல்லோராலும் முடியாது. ஆகவே வைட்டமின் டிக்கு வெயில், சுண்ணாம்புச்சத்துக்கு அடுப்படி என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, மோர் ஆகியவை சுண்ணாம்புச்சத்தைத் தரும். கூழைப் புளிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் பைட்டேட்டையும் குறைக்கும்.

"இந்த வெக்கையில் நிற்கச் சொல்வதா?" என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் வெக்கை வேறு, கதிர் வேறு. கோடையில் காலை ஒன்பதரைக்கே நிழல் குட்டையாகிவிடுகிறது. உச்சி வெக்கை ஏறுமுன்பே வேலையை முடித்துக்கொள்ளலாம். தோல் சிவக்கும்வரை நிற்கவும் தேவையில்லை. மாத்திரை எளிதாயிற்றே என்றால், 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து விழுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறி சிறுநீரகம் கெடக்கூடும். வெயிலில் அந்த ஆபத்து இல்லை. மிஞ்சுவதைத் தோலே சிதைத்துவிடும். பள்ளிகள் விளையாட்டு நேரத்தை நிழல் குட்டையாகும் நேரத்துக்கு மாற்றட்டும். தீப்பெட்டி ஆபீஸ்கள் பெண்களுக்கு முற்பகலில் அரைமணி நேரம் முற்றத்தில் ஓய்வு தரட்டும். காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சத்தை நம் பிள்ளைகளும் பெண்களும் இழக்க விடக்கூடாது.