வளவுக்குள் வளர்கிற பிள்ளை

1985இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ நாளிதழ் காதலைப் பற்றிய கேள்விக்கொத்து ஒன்றை வெளியிட்டு, வாசகர்களிடம் பதில் கேட்டது. தயாரித்தவர்கள் சிண்டி ஹாசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரு உளவியலாளர்கள். குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பற்றைப் பற்றி ஜான் பௌல்பி வகுத்த கொள்கை வளர்ந்தவர்களின் காதலுக்கும் பொருந்துமா என்று அவர்கள் பார்த்தார்கள். 620 பதில்களை ஆராய்ந்ததில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நெருங்கவும் நம்பவும் தயங்காதவர்கள். ஏறக்குறையக் கால்வாசிப் பேர் நெருக்கம் கூடினால் விலகுகிறவர்கள். மிச்சப் பேர், விட்டுப் போய்விடுவாரோ என்று அஞ்சி இறுகப் பற்றுகிறவர்கள். தாயும் தகப்பனும் தம்மிடம் எப்படி நடந்தார்கள் என்ற நினைவும் இந்தப் பிரிவுகளோடு ஒத்துப்போனது. 1987இல் வெளியான அந்த ஆய்வைத் தொட்டுத்தான் இன்று ‘பெற்றோரைப் போலவே துணை தேடுகிறோம்’ என்ற பேச்சு நடக்கிறது. அதில் குடும்பம் என்றால் இரண்டு பேர்.

இலங்கையில், திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் அந்தக் கணக்குச் சரிவராது. கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். அடுத்த மகளுக்கு அதே வளவிலோ பக்கத்துக் காணியிலோ இன்னொரு வீடு எழும்பும். அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக எழுதியிருக்கிறார். தாய்வழிக் குடிகளின் அழுத்தம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அதிகம் என்றாலும் மகளுக்கு வீடு என்பது திருகோணமலையிலும் உள்ள வழக்கம்தான். எனவே பிள்ளைக்கு எண்ணெய் வைத்துக் கிணற்றடியில் வார்ப்பது சின்னம்மா, சோறு தீத்துவது அம்மம்மா. பசித்தால் எந்தக் குசினியில் அடுப்பு எரிகிறதோ அங்கே கோப்பையோடு போய் நிற்கலாம். பெரியம்மாவின் மகன் அந்த முற்றத்திலேயே வளர்கிற அண்ணன். அவனைக் கட்ட முடியாது. கட்டக்கூடிய மச்சான் மாமாவின் மகன்; மாமாவோ கலியாணம் கட்டி மனைவியின் வளவுக்குப் போய்விட்டவர். மாமியின் மகன் என்றால், மாமி இருப்பது அப்பா பிறந்த வளவில். கூட வளர்கிறவர் உடன்பிறப்பு, பெருநாளுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்துபோகிறவர் முறைகாரர். சிறுவயதில் ஒன்றாக வளர்ந்தவர்களிடையே மோகம் எழுவது அரிது என்று எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இலேயே எழுதினார். மருமகளாக்கவென்றே சிறுவயதில் எடுத்து வளர்க்கப்பட்ட தாய்வான் பெண்களின் மணங்களை ஆராய்ந்த ஆர்தர் வுல்ஃப், அவற்றில் பிள்ளைப்பேறு குறைவு, மணமுறிவு அதிகம் என்று காட்டினார். இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், யாரை விரும்பலாம் என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது தாய் தகப்பனின் முகங்களைவிட வளவின் அமைப்பே என்று நினைக்கிறேன்.

‘இங்கே யார் விரும்பித் தேடுகிறார்கள், பெரியவர்கள்தானே பேசி முடிக்கிறார்கள்’ என்று கேட்கலாம். ஆனால் சாதகம் பொருந்தி, சீதனம் பேசி முடிந்த பிறகும் பெண் ‘எனக்கு வேண்டாம்’ என்று உறுதியாக நின்றால் பேச்சு முறிந்த வீடுகள் உண்டு. அந்த ‘வேண்டாம்’ வளவுக்குள் கண்டதிலிருந்துதான் வருகிறது. ‘பெடியன் குடிப்பானா’ என்று முதலில் விசாரிக்கிற சின்னம்மா யாருடைய குடியைப் பார்த்து வளர்ந்தார் என்பதும் அதில் சேர்த்தி. டென்வரில் கலியாணம் கட்டுகிறவருக்குச் சிறுவயது வீடு ஒரு நினைவு. நிலாவெளிப் பெண்ணுக்கு அது வேலிக்கு அந்தப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. வளவு எப்போதும் நல்லதையே சொல்லிக்கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்பா அம்மாவை அடிக்கும்போது பெரியம்மாவும் அம்மம்மாவும் ‘பொறுத்துக்கொள்’ என்றால், அடியும் அன்பில் சேர்ந்தது என்று பார்த்துநிற்கிற பிள்ளைக்கு மூன்று பேர் சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவராவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனால், பிள்ளை படிக்கிற பாடமே வேறு.

சிறுவயதில் கண்டது தலைவிதி ஆகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. 2000இல் வெளியான இரண்டு அமெரிக்க ஆய்வுகள் இதற்கு வேறுவேறு பதில் தந்தன. எவரெட் வாட்டர்ஸ் குழுவினர் நடுத்தரக் குடும்பக் குழந்தைகளை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது பற்று உறுதியானதா இல்லையா என்ற பிரிப்பில் 72 விழுக்காட்டினர் பழைய இடத்திலேயே இருந்தார்கள். பெற்றோரின் சாவு, பிரிவு, கடும் நோய் போன்றவற்றைக் கண்ட பிள்ளைகளே கூடுதலாக மாறியிருந்தார்கள். மினசோட்டாவில் வறிய தாய்மாரின் பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்விலோ அந்தத் தொடர்ச்சியே தெரியவில்லை. அமைதியான வீட்டில் குழந்தைப்பருவம் நீடிக்கிறது, அலைக்கழிந்த வீட்டில் பின்னால் நடப்பது முன்னதை அழித்தெழுதுகிறது என்பதே இதன் பொருள். 1990 யூன் சண்டையில் சிதறி முகாம்களுக்கும் இந்தியாவுக்கும் போன கரை இது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய ஊர் இது. இங்கே ஒருவருடைய கலியாணத்தைப் பார்த்துவிட்டு நேரே தொட்டிலைக் காட்டுவது நியாயமில்லை.

சட்டம் இன்னமும் அந்த இரண்டு பேர் கணக்கையே நம்புகிறது. சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் புதுவீடு ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயருக்குப் போனது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வழக்கம் கணக்கில் எடுக்கப்படவில்லை. அக்காவும் தங்கச்சியும் வெவ்வேறு திட்டக் காணிகளில் குடியேற்றப்பட்டால் நடுவில் இருந்த முற்றமும் போய்விடுகிறது. 2013இல் வந்த ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்ற அரசு விதி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போவதைத் தடுத்தது. 2022இல் அந்த வயது 2 ஆனது. தகப்பன் போவதற்கு அப்படியொரு அறிக்கை கேட்கப்படவில்லை. தாய் இல்லாத ஆண்டுகள் பிள்ளையைத் தொடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக் குசினியில் சின்னம்மா இருக்கிற பிள்ளைக்கும் ஒற்றை வீட்டில் குடிக்கிற தகப்பனோடு விடப்பட்ட பிள்ளைக்கும் அந்த ஆண்டுகள் ஒன்றல்ல. வயதெல்லை ஒன்றால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

இதுவரை பேசியது பெரும்பாலும் மகளின் பக்கம். பிறந்த வளவை விட்டு இன்னொரு பெண்ணின் வளவுக்குக் குடிபோகிற மகன், தன் சிறுவயதில் எதைக் கொண்டுபோகிறான் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.