காசு கொடுத்துக் கப்பி ரோடு!

ரோடு சரியில்லை என்று கலெக்டரிடம் மனு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். ரோடு சரியில்லை என்பதற்காகவே பணம் கட்டி, சைக்கிளைப் பார்சல் போட்டு, பிளேன் ஏறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை ஸார்... நாலாயிரம் பேருக்கு மேல்!

கான்ஸாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் 24,000. நம்ம திண்டிவனத்தில் பாதிகூட இல்லை. ஊரைச் சுற்றி 'ஃபிளின்ட் ஹில்ஸ்' என்ற மேட்டு நிலம். மேலே கண்ணுக்கெட்டிய தூரம் புல், அடியில் சிக்கிமுக்கிக் கல். ஏர் இறங்காது. அதனாலேயே அந்தப் புல்வெளி பிழைத்துக் கிடக்கிறது. அங்கே ஓடும் ரோடுகளும் தார் காணாத கப்பி ரோடுகள்தான். கல்லின் முனை டயரை பிளேடு மாதிரி கிழிக்கும். மழை பெய்தாலோ களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

2006-ல் இந்த ரோட்டில் 34 பேர் சேர்ந்து 200 மைல் சைக்கிள் பந்தயம் விட்டார்கள். அதாவது 322 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பினால் கிட்டத்தட்ட திருச்சி! அதுவும் ஒரே மூச்சில். அந்தப் பந்தயம்தான் இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் உலகப் பிரசித்தம்.

நடுவழியில் பஞ்சரா? நீங்களேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட செக்போஸ்ட்டில் மட்டும் உங்கள் ஆட்கள் சோறு தண்ணியோடு காத்திருக்கலாம். முதலில் வருகிறவருக்குக் கைதட்டல் உண்டு, சரி. நடுராத்திரி தாண்டி, புழுதி அப்பிய முகத்தோடு கடைசியில் வருகிறவருக்கும் கடைத்தெருவில் ஜனம் காத்திருந்து கைதட்டுகிறது பாருங்கள்... அங்கேதான் அந்த ஊர் ஜெயிக்கிறது.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான். கல்லையும் புழுதியையும் 'நஷ்டம்' என்ற பக்கத்திலிருந்து எடுத்து 'வரவு' பக்கத்தில் எழுதிக்கொண்ட ஊர் அது.

இதை நான் திருவக்கரை டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, துட்டு அவங்க நமக்குக் குடுப்பாங்களா, நாம கட்டணுமா?"

"நாமதாங்க ஐயா கட்டணும்."

"அப்போ நான் அம்பது வருஷமா ஓசியிலேயே ஓட்டியிருக்கேனே... பாக்கி எவ்வளவு வருதுன்னு போட்டுச் சொல்லு!"

பெரியவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. திருவக்கரைக்குக் கல் ஒன்றும் புதிது இல்லை. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் இங்கே கிடக்கின்றன. 1781-லேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியக் கல்மரப் பூங்கா. இன்னொரு பக்கம் கல்குவாரி, கிரஷர், டிப்பர் லாரி. 'கிராவல்' என்ற சொல்லை அமெரிக்காக்காரன் நமக்குக் கற்றுத்தர வேண்டாம். டிப்பர் டிரைவரைக் கேட்டால் யூனிட் என்ன விலை என்றே சொல்வார்!

வழியில் போகிறவனுக்கு உதவுகிற மனசுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. பௌர்ணமி ராத்திரி வக்கிரகாளியம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தைப் பாருங்கள். பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஊர் ஊராக நீர்மோர்ப் பந்தல், அன்னதானம். எம்போரியாக்காரன் 2006-க்கு அப்புறம் பழகிக்கொண்டதை நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம்.

பிறகு என்னதான் குறை? நம்ம ஊரில் நிஜமான கப்பி ரோடு வீரர்கள் யார் என்று பார்க்க மறந்துவிட்டோம். முதுகில் புத்தக மூட்டை, காலில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள், எதிரே டிப்பர், பின்னால் புழுதி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். இந்தப் பந்தயம் வாரத்தில் அஞ்சு நாள். மெடலும் இல்லை, கைதட்டலும் இல்லை. சறுக்கி விழுந்தால் போவது ரேங்க் அல்ல, உயிர். ஒரு தடவை பயந்துபோனால் "நீ பள்ளிக்கூடம் போனது போதும்" என்று பெண்பிள்ளையை நிறுத்திவிடுகிற வீடுகளும் உண்டு.

சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மாவட்டமே நின்ற கதை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுதப் படிக்கக் கற்றால் மட்டும் போதாது, சைக்கிளும் ஓட்ட வேண்டும் என்றார் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சைக்கிள் வாங்க பாங்க் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். கேலி பேசியவர்கள் பேசினார்கள். பெண்கள் பெடலை மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடா? ஜென்ட்ஸ் சைக்கிளே போதும், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்றார்கள்! 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கல்குவாரிப் பெண்களுக்கு அந்த சைக்கிள் கூலிவேலையையும் தாண்டி எவ்வளவோ கொடுத்தது.

ஆகவே, திருவக்கரையில் ஒரு பந்தயம் வையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தால் நல்லதுதான், கல்மரத்தைப் பார்த்துவிட்டு அரை மணியில் பஸ் ஏறுகிறவர்கள் ஒருநாள் தங்குவார்கள், டீக்கடையில் ரெண்டு போண்டா கூடப் போகும். ஆனால் அதற்கு முன்னால் தினமும் நடக்கிற பந்தயத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். டீக்கடை வாசலில் ஒரு காற்றுப் பம்ப், ஒரு பானைத் தண்ணீர், பஞ்சர் ஒட்ட ஒரு ஆள். பள்ளிக்கூடம் போகிற நேரமும் வருகிற நேரமும் டிப்பர் ஓடாது என்று ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு.

செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பம்புக்கும் பானைக்கும்தான் காசு. டிப்பரை நிறுத்த ஒரு பைசா செலவில்லை, டிரைவர் பிரேக்கில் கால் வைத்தால் போதும்!