உலாவியின் நினைவும் மௌனமும்

வீட்டுத் திறவுகோலை அயலாரிடம் ஒப்படைப்போர், அவர் நம்பிக்கைக்குரியவரா என முதலில் ஆராய்வர். இணைய உலாவியிடம் கடவுச்சொல்லை ஒப்படைப்போரும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும்.

ஒரு தளத்திற் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு நுழையும்போது, "இதனைச் சேமிக்கவா?" என உலாவி வினவும். இசைந்தால், அவற்றை அத்தளத்தின் முகவரியோடு இணைத்து, குறிமொழியாக மாற்றிக் காக்கும். "ஒருபோதும் வேண்டாம்" எனக் கூறினால், அத்தளம் விலக்குப் பட்டியலிற் சேரும். பின்னர் உலாவி வினவாது. மனம் மாறியோர், அமைப்புகளிற் கடவுச்சொற் பகுதியைத் திறந்து, பட்டியலிலிருந்து அத்தளத்தை நீக்குதல் வேண்டும்.

இங்கு நுட்பமொன்று உண்டு. மனிதர் தளத்தின் தோற்றத்தைப் பார்க்கின்றனர்; உலாவியோ முகவரியைப் பார்க்கின்றது. வங்கியின் தளம்போலவே வஞ்சகர் ஒரு தளம் அமைத்தால், மனிதர் ஏமாறலாம். தளப்பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பினும் உலாவி கடவுச்சொல்லை இடாது வாளாவிருக்கும். அம்மௌனத்தைக் குறையெனக் கருதித் தாமே தட்டச்சிடுவோர் தம் பொருளை இழக்க நேரலாம். அவ்வேளை முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தலே அறிவுடைமை.

ஆயினும், பலர் பயன்படுத்தும் கணினியில் இந்நினைவே பகையாகும். நூலகத்திற் சேமித்த சொல், அடுத்து அமர்பவருக்கும் கதவைத் திறக்கக்கூடும். அங்கே "வேண்டாம்" என்பதே தக்க விடை. வீட்டிற் பயர்பொக்ஸ் உலாவியைக் கையாள்வோர், முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அதனை அறியாதார் ஏனையவற்றைக் காண இயலாது. அந்த ஒன்றை மட்டும் மனிதரே நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.