கோடியக்கரையில் பறவை நோக்கல்

கோடியக்கரை, தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்திற்குத் தெற்கே அமைந்துள்ள கடலோரச் சரணாலயம் ஆகும். இது 1967 ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயமும் அதையொட்டிய சதுப்பு நிலமும் 2002 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதலாவது ராம்சார் ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டன.

வடகிழக்குப் பருவமழையையொட்டி, அக்டோபர் முதல் பூநாரை, உள்ளான், ஆலா முதலிய வலசைப் பறவைகள் இங்கு வருகின்றன. நவம்பர் முதல் சனவரி வரை ஒருநாள் பயணத்திற்கு ஏற்ற காலமாகும்.

மழைநீரும் கடல்நீரும் கலக்கும் ஆழமற்ற நீரில் புழுக்கள், சிறு இறால்கள், பாசிகள் பெருகுகின்றன. உள்ளான்கள் கரையோரச் சேற்றிலும், நீண்ட கால்களையுடைய பூநாரைகள் நீரினுள்ளும் இரை தேடுவதால் பல இனங்களை ஒரே இடத்தில் காணலாம். நன்னீர் வரத்துக் குறைந்து உப்புத்தன்மை மிகுந்தால் இவ்விரை உயிர்களில் பல அழிந்துவிடும். எனவே, சதுப்பு நிலத்திற்கு வரும் நன்னீரைக் காப்பது பறவைகளைக் காப்பதற்கு இன்றியமையாததாகும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை ஆராய்ந்துள்ளது.

நெடும்பயணத்தில் இழந்த கொழுப்பைப் பறவைகள் இங்கு இரையுண்டு மீண்டும் சேர்த்துக்கொள்கின்றன. நெருங்கிச் சென்று கூட்டத்தைக் கலைத்தால், எழுந்து பறப்பதிலேயே அவ்வாற்றல் வீணாகிறது. ஆதலால், பார்வையாளர்கள் தொலைவில் அமைதியாக நின்று இருகண்ணோக்கி வழியே காண்பதே முறையாகும்.